கேட்டவர்: கட்டுரையாளரின் அக்கா

கேள்வி கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கும் இடம் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவளுடைய அம்மா இன்றுவரை முழுதாக நம்பவில்லை. "வீட்ல சும்மாதானடி கேட்டுட்டிருந்தே" என்பாள். ஆனால் அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. நாலாவது மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிரே, எந்நேரமும் சூடான காகித வாசனை அடிக்கும் இரண்டு அறைகள். அங்கிருந்து ஓர் ஆய்விதழ் வெளிவந்துகொண்டிருந்தது. இன்ன துறை என்று கிடையாது, எல்லாத் துறையும் உண்டு. பூட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எங்கே உட்கார்ந்துகொண்டு வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து படிக்கலாம். திங்கட்கிழமை நத்தையின் கோழை, செவ்வாய்க்கிழமை மூழ்கிய கப்பலின் பலகை, புதன்கிழமை துணையை இழந்தவர்கள் கட்டிலின் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்று வகைவகையாக அவள் மேசையில் வந்து விழும். இப்படி ஒரு வேலையில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் ஒன்று பைத்தியம் பிடிக்கும், இல்லாவிட்டால் உலகத்தின் மேல் ஆசை வந்துவிடும். அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

அவள் முனைவர் பட்டம் வாங்கியது பசையில். மரத்தோடு மரம் எப்படி ஒட்டுகிறது என்று ஐந்தாறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பசை. ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருந்தது. அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த இதழுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டுரையை அந்தத் துறையின் வல்லுநர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும் அது வெளியே போய்விடாது. அந்தத் துறையோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் அதைப் படித்து, தோன்றுவதைக் கேட்க வேண்டும். அசட்டுக் கேள்வி என்று ஒன்று கிடையாது, எழுதியவர் பதில் சொல்லியே தீர வேண்டும். கேட்டவர் யார் என்பது கட்டுரை வெளியாகும் நாள்வரை ரகசியமாக இருக்கும். அன்றைக்குக் கேள்வி, பதில், கேட்டவர் பெயர் மூன்றும் கட்டுரையோடு சேர்ந்து ஊரறிய வெளிவரும். கேட்பவர் ஒளிந்துகொண்டு கல்லெறியக் கூடாது, எழுதியவர் கேட்டவரைத் தனியே பிடித்து மிரட்டவும் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இரத்த சொந்தம் எழுதியதைச் சொந்தக்காரர் தொடக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் கையில் இருக்கும் கட்டுரையைச் சாதாரணப் பேச்சில் சொல்ல வேண்டும். யாராவது கொட்டாவி விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று அவள் கையில் இருந்தது இருமல்.

"ஒரு முதியோர் இல்லம்" என்று ஆரம்பித்தாள். "அங்க ஒரு டாக்டரம்மா, சுவத்துல ஒலிப்பதிவுக் கருவி மாட்டி, வருஷக்கணக்கா எல்லார் இருமலையும் பதிவு பண்ணியிருக்காங்க. வருஷம் போகப்போக இருமல் கீச்சுன்னு ஆயிட்டே வருது. நுரையீரல்ல ஏதோ மாறுதுன்னு எழுதத்தான் உக்காந்திருக்காங்க. அப்ப யாரோ கவனிச்சிருக்காங்க, கூடத்துல அடிக்கிற சுவர்க்கடிகார மணிச் சத்தமும் அதே மாதிரி கீச்சுன்னு ஏறியிருக்கு. கடிகாரத்துக்குமா தொண்ட கட்டிக்கிச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கருவிதான் கிழடாயிருக்கு. சத்தத்த அரிஞ்சு அரிஞ்சு உள்ள போட அதுக்குள்ள ஒரு சின்னக் கடிகாரம் இருக்குமில்ல, அது வயசாக வயசாக மெதுவாயிடுது. கருவியில மணி காட்டுற கடிகாரம் வேற, அது ஒழுங்கா ஓடுது. அதனால யாருக்கும் சந்தேகம் வரல. மெதுவா அரிஞ்சத நாம சரியான வேகத்துல போட்டுக் கேட்டா எல்லாமே கொஞ்சம் வேகமா, கொஞ்சம் கீச்சுன்னு வரும். இத அவங்க கடைசிப் பக்கத்துல ஒரு பத்தியில அடக்கமா எழுதியிருக்காங்க. நானா இருந்தா தலைப்பா போட்டிருப்பேன்."

"என்ன கருவி?" என்று கேட்டார் பொறுப்பாசிரியர். நிலநடுக்கத்தை ஆராய்ந்தே தலை நரைத்த பெண்மணி. எது நடந்தாலும் அசையமாட்டார் என்பதால் அவருக்குப் பெயர் பூகம்பம்.

"சோப்புப்பெட்டி."

எல்லோருக்கும் தெரிந்த கருவிதான். சோப்பு டப்பா அளவில், வெள்ளையாக, மலிவாக ஒரு காலத்தில் வந்தது. எந்தத் துறைக்காரன் எதைக் கேட்க வேண்டுமென்றாலும் அதைத்தான் கொண்டுபோய் மாட்டினான்.

அடுத்த முறை, கணக்கு என்று பெயர் வாங்கியவருடையது. அவர் புள்ளியியல்காரர், எறும்பைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாண்டுகிற மனிதர். "என்னோடது தவளை" என்றார். "ஒரு சதுப்பு நிலம். பக்கத்துல நெடுஞ்சாலை அகலமாயிட்டே போகுது. லாரிச் சத்தத்துல ஜோடிக்குக் கேக்கணுமேன்னு தவளைங்க வருஷா வருஷம் குரல ஒசத்திட்டே போகுது. ரொம்ப அழகான முடிவு. வல்லுநர்கள் மூணு பேரும் பிரமாதம்னு எழுதிட்டாங்க. நானும் பதிவப் போட்டுக் கேட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ம்... இதுவும் சோப்புப்பெட்டிதான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கணக்கு எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் வருடக்கணக்காக முட்டளவுச் சேற்றில் நிற்கும் மனிதன் உலகத்தில் ஒருவன்தான். அவன் அவளுடைய தம்பி.

மேசையைச் சுற்றிப் பேச்சு வேறு கட்டுரைக்குத் தாவிவிட்டது. அவள் மட்டும் வேறொரு வீட்டில், வேறொரு கதவின் எதிரே நின்றிருந்தாள். அம்மா வீட்டிலேயே துணி தைத்தவள். பிறந்தநாள் வந்தால் தையல் நாடாவால் பிள்ளைகளின் உயரத்தை அளந்து சொல்வாள். ஒரு வருடம் தம்பி வளரவே இல்லை. நாடா அப்படித்தான் சொன்னது. அவன் சாப்பிடாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. பிறகு அவள்தான் நாற்காலி போட்டு ஏறிக் கதவை அளந்தாள். கதவும் குட்டையாகியிருந்தது. தினமும் இழுத்து இழுத்து நாடா நீண்டுபோயிருக்கிறது, நீ வளர்ந்துதான் இருக்கிறாய், கதவு எங்கேயாவது சுருங்குமா என்று அவனை எழுப்பி உட்கார வைத்துச் சொன்னாள். அன்று அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

இன்று அதே கணக்கு தலைகீழாக நின்றது. அன்று கதவை அளந்து அவனுக்கு உயரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இன்று அளந்தால் அவனிடம் இருப்பதைப் பிடுங்க வேண்டிவரும். அடுத்த மாதக் கடைசியில் அவனுக்கு நேர்காணல். நிரந்தர வேலை. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் முடிந்து மேசையைக் காலி செய்து, அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்து, மறுபடி அதே மேசைக்குப் போகிற பிழைப்பு அவனுக்குச் சலித்துவிட்டது. "இந்தக் கட்டுர ஏத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி வந்துட்டாப் போதும்க்கா, அந்த அட்டப்பெட்டிய எரிச்சிடுவேன்" என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் சொல்லியிருந்தான். எந்த இதழுக்கு அனுப்பினான் என்று மட்டும் சொல்லவில்லை.

அவளுக்கு யோசித்துக்கொண்டே கிடக்கிற பழக்கம் கிடையாது. மேசை கலைந்ததும் பூகம்பத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கணக்கோட தவளை என் தம்பியோடது. நான் தொடக் கூடாது. ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

முழுதையும் கேட்டுவிட்டுப் பூகம்பம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு கேக்கட்டுமே? கேள்வியை அவர்கிட்ட கொடுத்துடு."

"இருமலும் தவளையும் ஒரே வாரத்துல என் காதுல விழுந்துச்சு. கேள்வி என்னோடது. இன்னொருத்தர் பேர்ல போட்டா அது திருட்டு."

"வீட்டுல அவன்கிட்ட ரகசியமா சொல்லிடலாமே. அவனே கட்டுரையைத் திருப்பி வாங்கிக்குவான். சத்தமில்லாம முடிஞ்சுடும்."

"அதான் வேண்டாங்கிறேன். சத்தமில்லாம முடிஞ்சா, அதே பெட்டிய வச்சு மத்தவங்க எழுதினதெல்லாம் அப்படியே கெடக்கும். கொழந்தைங்க அழுகைய அளந்தவங்க இருக்காங்க, பாலத்தோட கம்பிவடத்த அளந்தவங்க இருக்காங்க. தம்பிக்கு மட்டும் காதுல சொல்லிட்டு வந்து நான் இங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

பூகம்பம் விதிப் புத்தகத்தை எடுக்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம். "சொந்தக்காரங்க தூக்கிவிடக் கூடாதுன்னுதான் விதி இருக்கு. கவுத்துவிடக் கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல. அப்படி ஒருத்தி வருவான்னு யாருக்கும் தோணல போல. கேளு. ஆனா வெளியாகிற அன்னிக்கு உன் பேருக்குக் கீழ உறவும் அச்சாகும். கேட்டவர், கட்டுரையாளரின் அக்கா. சம்மதமா?"

"சம்மதம்."

"அதுவரைக்கும் வீட்டுல மூச்சு விடக் கூடாது. அவன் என்ன சொன்னாலும் சரி."

"விடமாட்டேன்" என்றாள். அவளை அறிந்த யாரும் அதை நம்பியிருக்கமாட்டார்கள். பூகம்பம் நம்பினார்.

கேள்வியை எழுத அவளுக்கு ஒரு காகிதக் கோப்பைக் காப்பி ஆறும் நேரம் போதுமானதாக இருந்தது. உணர்ச்சி எதுவும் கலக்காமல், முன்பின் தெரியாத ஒரு பேராசிரியருக்கு எழுதுவதுபோலவே எழுதினாள். 'தவளையின் குரல் உயர்ந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதே பதிவுகளில், வருடங்கள் போனாலும் மாற வாய்ப்பில்லாத வேறு ஏதாவது ஓர் ஒலி இருக்கிறதா? இருந்தால் அதையும் அளந்து பார்த்தீர்களா?' அவ்வளவுதான். நல்ல கேள்வி என்று அவளுக்குத் தெரியும். அந்தத் திருப்தி அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட வந்தது. பேருந்தில் ஏறியதும் அந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வாரம் ஒருநாள் அம்மாவையும் அக்காவையும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம். அன்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"கட்டுரைய நிறுத்தி வச்சுட்டாங்க. யாரோ ஒரு மேதாவி கேள்வி கேட்டிருக்கு. தவளைக்கு எத்தன காலுன்னு கேட்டா முழிக்கும், அப்படி ஒரு ஆளு."

"கை கழுவிட்டு வந்து உக்காருடா" என்றாள் அம்மா. வயதான பிறகும் அவளுடைய தையல் இயந்திரம் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் மூடவில்லை.

"நான் சேத்துல நின்னு, அட்டை கடிச்சு, காய்ச்சல்ல படுத்து எழுந்திருச்சு ஒரு முடிவுக்கு வந்தா, இந்த ஆளு குளுகுளு அறையில உக்காந்துக்கிட்டு, மாறாதது எதையாவது அளந்தீங்களான்னு கேக்குது. சதுப்பு நிலத்துல மாறாதது என்ன இருக்கும்? நானே மாறிட்டேன். முடி கொட்டிப் போச்சு."

"ஆளுன்னா ஆம்பளையா பொம்பளையா?" என்று அம்மா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? மூக்கு மட்டும் நீளமா இருக்கும், அது நிச்சயம். எங்க பாத்தாலும் நுழைச்சுடுது பாரு."

அவள் கை தன் மூக்குக்குப் போய்ப் பாதி வழியில் நின்றது. அதைத் தம்பியின் தட்டுப் பக்கம் திருப்பி, அவன் பொரியலில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவன் தட்டில்தான் அவளுக்கு ருசி.

"அடுத்தவன் தட்டுல கைய விடற ரகம்" என்றான் தம்பி. "அவன் வருஷக்கணக்கா சமைச்சு வைப்பான். இது வந்து ஒரு வாய் எடுத்துட்டு, உப்புப் பத்தலைங்கும்."

அவள் மென்றாள், விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள். வாழ்க்கையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவள் அவ்வளவு தண்ணீர் குடித்ததில்லை. கடைசியில், "கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதான்" என்றாள். எந்த விதியையும் மீறாத ஒரு வாக்கியம் அதுதான் அகப்பட்டது.

"சொல்றேன், சொல்றேன்" என்றான் அவன். "அந்த மகராசிக்கோ மகராசனுக்கோ நல்லா உறைக்கிற மாதிரி சொல்றேன்."

அடுத்த ஞாயிறும் இதேதான். அதற்கடுத்ததும் இதேதான். நீளமூக்கு என்று பட்டப்பெயரே வைத்துவிட்டான். நீளமூக்கு சின்ன வயதில் யாருடனும் விளையாடியிருக்காது, நீளமூக்கு கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து இலையை எண்ணும், நீளமூக்கு செத்தால்கூட எமனிடம் அடையாள அட்டை கேட்கும். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே எரிந்தது. தான் செய்தது சரி என்பதில் அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஆனால் சரியாகச் செய்துவிட்டால் வலிக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்களே, அது சுத்தப் பொய் என்று மட்டும் தெரிந்துகொண்டாள்.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிறு அவன் திட்டவில்லை. வந்து உட்கார்ந்தான், சாப்பிட்டான். பாதியில், "மணியும் ஏறியிருக்கு" என்றான்.

"எந்த மணிடா?" என்றாள் அம்மா.

"சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் ரயில்வே கேட் இருக்கு. கேட்ட மூடும்போதெல்லாம் அடிக்கிற மணி. வெண்கலம். அதே மணிதான், இத்தன வருஷமா மாத்தவே இல்லையாம், கேட்ல போய் விசாரிச்சுட்டேன். பதிவுல அதோட சத்தம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வந்திருக்கு. தவளை எவ்வளவு ஏறிச்சோ அதே அளவு. மயிரிழை பிசகாம."

அவனுடைய துறை ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைத்தான் அவன் செய்திருந்தான். தவளை ஆராய்ச்சிக்காரனுக்குத் தவளையைத் தவிர எல்லாமே இரைச்சல். பதிவு வந்ததும் முதல் வேலையாக லாரி, ரயில், மணி, மனிதக்குரல் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுத் தவளையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சுத்தம் செய்வது என்று பெயர். நாடா நீண்டுவிட்டதா என்று சொல்லக்கூடிய ஒரே கதவை, வருடா வருடம் சிரத்தையாக, தானே பெயர்த்து எறிந்துகொண்டிருந்தான். கணினியில் இடம் போதவில்லை என்று கத்தரிக்காத பதிவுகளையும் அழித்துவிட்டிருந்தான்.

"அப்புறம் மணிச் சத்தம் எப்படிக் கெடச்சுது?" என்று அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இது அலுவலகக் கட்டுரை விஷயம், கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

"பொதுக்கிடங்குல இருந்துச்சு. யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கற மாதிரி மூலப் பதிவையெல்லாம் அங்க போடணும்னு வருஷா வருஷம் ஒருத்தி உயிர எடுப்பாளே. தொல்லை தாங்காம போட்டு வச்சிருந்தேன்." அவளைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் தட்டைப் பார்த்தாள்.

பிறகு அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "நான் பொய் சொல்லலம்மா. பெட்டி சொன்னத சொன்னேன். தவளைங்க மாறவே இல்ல. லாரி வந்தா என்ன, ரோடு வந்தா என்ன, அதுங்க அதே குரல்லதான் கத்திட்டிருக்கு. வருஷமெல்லாம் நின்னது இதுக்குத்தானா?"

அம்மா எழுந்துபோய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தவளையும் தெரியாது, பெட்டியும் தெரியாது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஒன்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பொரியல் வைத்தாள். இந்தத் தடவை அதிலிருந்து எடுக்கவில்லை.

ஆனால் அவன் அவளுக்குத் தம்பி. அழுது முடித்ததும் பசி எடுக்கிற ரகம். அன்று சாயங்காலமே கணினியைத் திறந்து, கட்டுரையின் தலைப்பை அடித்துவிட்டு வேறு எழுதினான். 'தவளைகள் மாறவில்லை: முதுமையடையும் கருவியின் தவறும் அதைத் திருத்தும் வழியும்.' இருமலை எழுதிய டாக்டரம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். அவர் கட்டுரை அதற்குள் அதே இதழில் வெளியாகி, யாரும் படிக்கும்படி இருந்தது. டாக்டரம்மா மறுநாளே பதில் போட்டார். நுரையீரல்காரரும் தவளைக்காரனும் ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாமல் இரண்டு மூன்று நாள் சண்டை போட்டு, பெட்டி எந்த வயதில் எவ்வளவு மெதுவாகும் என்று கணக்கிடும் வழியைக் கண்டுபிடித்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதையும் பொதுவில் போட்டார்கள்.

நேர்காணலிலிருந்து அவன் நேராக அம்மாவும் அக்காவும் இருக்கும் வீட்டுக்குத்தான் வந்தான். சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"உள்ள போனதும் நானே சொல்லிட்டேன். நான் அனுப்பின முடிவு தப்பு, என் பெட்டி கெட்டுப்போச்சு, தவளைங்க மாறலன்னு. எல்லாரும் காகிதத்தப் புரட்ட ஆரம்பிச்சாங்க. குழுவுல வேற துறை ஆளு ஒருத்தர் இருக்கணுமாம், பாலம் கட்டுறவர் வந்திருந்தார். அவர் மட்டும், என்ன பெட்டின்னு கேட்டார். சொன்னேன். மனுஷன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. மன்னிக்கணும்னு எழுந்து வெளிய போயிட்டார். சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"எங்க போனாராம்?" என்றாள் அக்கா.

"போன் பண்ண. பாலத்தைத் தாங்குற கம்பிவடம் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு அதோட அதிர்வ வச்சுத்தான் அளப்பாங்களாம். சுருதி ஏறினா இறுக்கமா இருக்குன்னு அர்த்தம். அவங்க மாட்டியிருக்கறதும் சோப்புப்பெட்டிதான். வடம் தொய்ஞ்சிருந்தாக்கூட பெட்டி இறுக்கமா இருக்குன்னுதான் சொல்லும். திரும்பி வந்து, வேற கேள்வியே கேக்கல. அந்தத் திருத்தத்த இப்பவே எனக்குப் போட்டுக் காட்டுங்கன்னுட்டார். நேர்காணல் முழுக்க அவர் பக்கத்துல உக்காந்து கணக்குப் போட்டுட்டு வந்தேன். மத்தவங்கெல்லாம் வேடிக்க பாத்தாங்க."

அந்த வாரமே பாலத்தைப் புதுக் கருவியால் அளந்தார்கள். ஒரு வடம் கொஞ்சம் தொய்ந்திருந்தது, இறுக்கினார்கள். வேலை உத்தரவு அதற்கடுத்த வாரம் வந்தது. தம்பி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, சொன்னபடி எரிக்காமல், துணித்துண்டு போட்டு வைக்க அம்மாவிடம் கொடுத்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வேறு யாராவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அவளுக்கு இனிமேல்தான் பயமே ஆரம்பித்தது. கட்டுரை வெளியாகும் நாள் வந்துகொண்டிருந்தது. அன்று நீளமூக்கின் முகம் தெரிந்துவிடும். பார்க்கப்போனால் வேலை கிடைத்துவிட்டது, கோபப்படக் காரணமில்லை. ஆனால் அவன் அழுதபோது எதிரே உட்கார்ந்து பொரியல் வைத்தவள் அவள். அவன் தன் முட்டாள்தனத்தையெல்லாம் அக்கா என்று நம்பிச் சொல்லியிருக்கிறான், கேள்வி கேட்டவளிடம் என்று தெரிந்து சொல்லவில்லை. வேலை போயிருந்தால்கூட வேறு வேலை கிடைக்கும். இந்த நம்பிக்கை போய்விட்டால் எங்கே போய் வாங்குவது? அவனிடம் சொல்வதற்காக ஒரு பேச்சைத் தயார் செய்தாள். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், பேருந்தில் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

அந்த நாள் காலையில் கணக்கு பொத்தானை அமுக்கினார். கட்டுரை வெளியானது. கீழே, யாரும் தவறவிட முடியாத எழுத்தில், அவள் பெயரும் அதன் அடியில் 'கட்டுரையாளரின் அக்கா' என்பதும் நின்றன. கணக்கு அவளிடம் காரணமே இல்லாமல் மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறந்தது. தம்பி வந்தான். கையில் கைப்பேசி, அதில் அந்தப் பக்கம்.

அவள் எழுந்து நின்றாள். "இத பாருடா, நான் சொல்றத முழுசா கேளு. உன் வேலைக்கு ஒல வைக்கணும்னு நான் கேக்கல. விதிப்படி வீட்டுல பேசக் கூடாது. எனக்கும் கஷ்டமாத்தான்..."

"கேள்வி வந்த அன்னிக்கே தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"மாறாதது ஒண்ண அளந்தீங்களான்னு படிச்சதும் எழுந்துபோய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன். நாற்காலி போட்டு ஏறிக் கதவை அளக்கற ஆளு எனக்குத் தெரிஞ்சு உலகத்துல ஒருத்திதான்."

மேசையைச் சுற்றி யாரும் வேலை செய்வதாகப் பாவனைகூடச் செய்யவில்லை. பூகம்பம் தன் அறை வாசலில் வந்து நின்றிருந்தார்.

"அப்ப அழுதியே, அது?"

"அது நெஜம். உன் எதிர்ல அழாம வேற யார் எதிர்ல அழறது?"

அவள் தயார் செய்து வைத்த பேச்சு முழுவதும் எங்கோ போய்விட்டது. அதற்குப் பதிலாக நியாயமான கோபம் ஒன்று வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவாடா வாரா வாரம் வந்து அப்படித் திட்டினே? நீளமூக்குன்னு? எமன்கிட்ட அடையாள அட்டை கேக்கும்னு?"

"தெரிஞ்சதாலதான்க்கா" என்றான் தம்பி, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "முன்னப் பின்ன தெரியாத ஆள யாராவது அவ்வளவு உரிமையா திட்டுவாங்களா?"